டிசம்பர் வரை கெடாத ஆட்டிறைச்சி

அமிர்தவேணி ஃபுட்ஸ் பெர்ஹாட் கம்பெனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஓர் இடைக்கால நிதிநிலை அறிக்கை வெளியிடும். அதன் முதல் குறிப்பு எப்போதும் ஒன்றுதான்: "இவ்வறிக்கையில் கையாளப்பட்டுள்ள கணக்கியல் கொள்கைகள் யாவும் சென்ற டிசம்பர் ஆண்டறிக்கையில் கையாளப்பட்ட கொள்கைகளோடு ஒத்திருக்கின்றன." பதினொரு காலாண்டாக இந்த வாக்கியத்தில் ஒரு கமாகூட நகர்ந்ததில்லை. பங்குதாரர்களில் எவரும் அதைப் படித்ததும் இல்லை. படிக்கிற மாதிரி எழுதினால் யாராவது படித்துத் தொலைப்பார்கள் என்பது நிதித் தலைமை அதிகாரி கமலநாதனுக்கு நன்றாகத் தெரியும். அவர் சம்பளம் வாங்குவதே அந்தத் தெளிவுக்குத்தான்.

கிள்ளான், மேரு சாலையில் இருக்கும் கம்பெனியின் குளிர்கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்த நாகையாவும் அதைப் படித்ததில்லை. அவருக்கு வயது ஐம்பத்தெட்டு, சேவை இருபத்தேழு வருடம். இன்னும் இரண்டு வருடத்தை எப்படியாவது ஓட்டிவிட்டால் கம்பெனியின் ஓய்வுத்தொகை நாற்பத்தோராயிரம் வெள்ளி கைக்கு வரும். அவர் படித்த ஒரே கணக்கு அதுதான், தினமும் படித்தார்.

செப்டம்பர் இருபத்துநாலாம் தேதி மூன்றாம் நம்பர் குளிர் அறையின் கம்ப்ரசர் இரண்டு முறை முக்கிவிட்டு நின்றுபோனது. உள்ளே தீபாவளிக்காக இறக்கிய ஆறாயிரம் கிலோ ஆட்டிறைச்சி இருந்தது. மெக்கானிக் பார்த்துவிட்டு எட்டாயிரத்து அறுநூறு வெள்ளி ஆகும் என்றார். நாகையா பிரிக்பீல்ட்ஸ் தலைமையகத்துக்கு அவசரக் கோரிக்கை அனுப்பினார். இரண்டு மணி நேரத்தில் கமலநாதனிடமிருந்து பதில் வந்தது: "இக்காலாண்டில் பழுதுபார்ப்புச் செலவுக்கு இடமில்லை. அக்டோபர் முதல் தேதி பழுதுபார்க்கவும். அதுவரை அறையைக் குளிராக வைத்திருக்கவும்."

எதைக் கொண்டு குளிராக வைத்திருப்பது என்று அதில் இல்லை. நாகையா தன் காசில் மீன் பாசாரில் ஐஸ்கட்டி வாங்கி இரண்டு நாள் அடுக்கிப் பார்த்தார். ஆறு டன் கறிக்கு முன்னால் அந்த ஐஸ்கட்டியால் என்ன செய்ய முடியும்? இருபத்தொன்பதாம் தேதி காலை கதவைத் திறந்தார். உள்ளே இருந்து வந்ததை நான் வருணிக்கப் போவதில்லை. வாசகர்கள் தீபாவளிக்குக் கறி சாப்பிட வேண்டும்.

உடனே கமலநாதனுக்குப் போன் போட்டார்.

"சார், மூணாம் நம்பர் ரூம் கறி பூரா அழுவிப்போச்சு சார்."

"யாரு உங்களக் கதவத் தொறக்கச் சொன்னது?"

"வெளியவே நாத்தம் வருது சார்."

"இன்னிக்கு என்ன தேதி?"

"இருவத்தொம்போது சார்."

"ரெண்டு நாளு பொறுத்துத் தொறந்தா என்னங்க? காலாண்டு முடிஞ்சிருக்கும். இப்ப பாருங்க, தெரியக்கூடாத நேரத்துல தெரிஞ்சுபோச்சு. கதவ மூடுங்க. நாளைக்குக் காலையில பிரிக்பீல்ட்ஸ் வாங்க, பேசலாம் லா."

மறுநாள் தலைமையகத்தின் ஒன்பதாவது மாடி. ஏர்கோன் பிரமாதமாக வேலை செய்துகொண்டிருந்தது. மேசையின் ஒரு பக்கம் கமலநாதன், பக்கத்தில் மனிதவள மேலாளர் டோரிஸ், ஓரத்தில் லேப்டாப்போடு கணக்குப் பிரிவில் வேலை பார்க்கும் விஷ்ணுப்ரியா. சுவரில் அந்த முதல் குறிப்பு ஒரு முழம் உயர எழுத்தில் காட்டப்பட்டிருந்தது. நாகையா கோயிலுக்குள் செருப்போடு வந்துவிட்டவர் மாதிரி நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"நாகையா, போன டிசம்பர் முப்பத்தொண்ணாம் தேதி நம்ம கறி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார் கமலநாதன்.

"நல்லா இருந்துச்சு சார். ஆனா அது வேற கறி."

"கறி வேறயா இருக்கலாம். பாலிசி ஒண்ணுதான். போன டிசம்பர்ல நல்ல கறின்னு போட்டோம். இப்ப கெட்ட கறின்னு போட்டா பாலிசி மாறிடுச்சின்னு ஆவும். பாலிசி மாறுனா இன்வெஸ்டர் பயப்படுவாங்க. இன்வெஸ்டர் பயந்தா ஷேர் எறங்கும். ஷேர் எறங்குனா நம்ம சேர்மன் டத்தோவுக்கு பிரஷர் ஏறும். ஒரு ரூம் கறிக்காக ஒரு மனுசனுக்கு பிரஷர் ஏத்தலாமா, நீங்களே சொல்லுங்க."

விஷ்ணுப்ரியா தொண்டையைச் செருமினாள். "சார், சரக்கு கெட்டுப்போனா கெட்டுப்போன காலாண்டுலயே நஷ்டம் எழுதணும். இடைக்கால அறிக்கைக்கான ஸ்டாண்டர்ட்லயே அப்படித்தான் இருக்கு. வருசக் கடைசி வரைக்கும் தள்ளிவைக்க முடியாது சார்."

"அது ஸ்டாண்டர்ட் மா. நான் பேசறது பாலிசி."

"பாலிசி ஸ்டாண்டர்டுக்கு உட்பட்டுத்தானே சார் இருக்கணும்?"

கமலநாதன் அவளைப் பார்த்துப் பரிவாகச் சிரித்தார். நாலு நாளில் விஷ்ணுப்ரியா ரவாங் கிளைக்கு மாற்றப்பட்டாள். ரவாங்கில் கம்பெனிக்குக் கிளை கிடையாது. அதனால் ஒரு டயர் கடையின் மாடியை வாடகைக்கு எடுத்து, ஒரு மேசையும் ஒரு மின்விசிறியும் வாங்கிப் போட்டு, அவளுக்காகவே ஒரு கிளை திறந்தார்கள். அந்த வாடகை "வணிக விரிவாக்கம்" என்ற தலைப்பில் போனது.

அன்றைக்கு அறையில் மிச்சமிருந்த ஒரே சந்தேகம் நாகையாவுடையது. "சார், நீங்க சொல்றது எனக்குப் புரியல. ஆனா நாறுதே சார்."

"நாறட்டும். இது தணிக்கை செய்யாத அறிக்கை. முதல் பக்கத்துலயே போட்டிருக்கோம். ஆடிட்டர் வருசத்துக்கு ஒரு தடவைதான் வருவாரு. அவரு வந்து மோந்து பாத்து, நாறுதுன்னு எழுதினாத்தான் அது நாத்தம். அதுவரைக்கும் அது அன்ஆடிட்டட் வாசனை. உங்க மூக்குக்கு என்ன குவாலிஃபிகேஷன்?"

நாகையாவின் மூக்கு பள்ளியிறுதி எஸ்பிஎம் தேர்வு வரைகூடப் படித்ததில்லை.

அன்று மாலையே காலாண்டு இறுதிச் சரக்குக் கணக்கெடுப்பு. நிறுவனத் தலைவர் டத்தோ பழனியப்பன், வங்கியிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு சுயேச்சை இயக்குநர், கமலநாதன், டோரிஸ் நால்வரும் இரண்டு காடியில் மேருவுக்கு வந்து இறங்கினார்கள். இறங்குமுன் கமலநாதன் எல்லாருக்கும் ஒரு சுற்றறிக்கை கொடுத்தார். கிடங்கு வளாகத்தில் மூக்கைப் பொத்துதல், கைக்குட்டையை முகத்தருகே கொண்டுபோதல், முகம் சுளித்தல், "சீ", "ஐயோ" முதலிய சொற்களைப் பயன்படுத்துதல் ஆகியவை சொத்தின் மதிப்பிழப்புக்கான அறிகுறியாகக் கருதப்படும். அறிகுறி தென்பட்டால் சட்டப்படி மதிப்பிழப்புச் சோதனை நடத்தியாக வேண்டும். சோதனை நடத்தினால் நஷ்டம் எழுதியாக வேண்டும். ஆகவே அறிகுறி தென்படக் கூடாது.

நாகையா கதவைத் திறந்தார். நாலு பெரிய மனிதர்களும் திருமண போட்டோவுக்கு நிற்பவர்கள் மாதிரி கையை முன்னால் கட்டிக்கொண்டு, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் வரிசையாக நின்றார்கள். மேரு சாலையில் இருந்த நாய்கள் எல்லாம் வேலிக்கு வெளியே கூடிவிட்டிருந்தன. அவற்றுக்குச் சுற்றறிக்கை போய்ச் சேரவில்லை. டத்தோவின் கண்ணிலிருந்து நீர் தாரையாக வடிந்தது. அதை அவர் துடைத்துக்கொள்ளவில்லை. அந்த நிலையிலேயே பேசவும் ஆரம்பித்தார், ஏனென்றால் நாலு பேர் கூடிய இடத்தில் பேசாமல் இருக்க அவருக்கு வராது.

"நான் லோரி ஓட்டுனவரு மகன். கஷ்டம்னா என்னன்னு தெரியும். இந்தக் கம்பெனி பதினொரு காலாண்டா லாபம் காட்டியிருக்கு. லாபம்னா என்ன? நம்பிக்கை. நம்பிக்கைன்னா என்ன? நாம சொல்றத மத்தவங்க கேக்கறது. ஆளாளுக்கு அவனவன் மூக்கு சொல்றதக் கேட்டுக்கிட்டிருந்தா, நாம சொல்றத எவன் கேப்பான்? அதனால ஒரு தலைவருங்கற முறையில நான் சொல்றேன், எனக்கு ஒரு வாடையும் வரல."

"எனக்கும் வரல டத்தோ," என்றார் கமலநாதன்.

"எனக்கு மொதல்லயே சைனஸ் டத்தோ," என்றாள் டோரிஸ்.

சுயேச்சை இயக்குநர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல் வரவில்லை; மத்தியானம் சாப்பிட்டது வந்தது. கூட்டக் குறிப்பில் இது இப்படிப் பதிவானது: "சுயேச்சை இயக்குநருக்கு நாசி லெமாக் ஒத்துக்கொள்ளவில்லை. இதற்கும் சரக்குக்கும் தொடர்பில்லை என்பதை அவரே சைகையால் உறுதிசெய்தார்."

பிறகு சரக்குச் சான்றிதழை நீட்டினார்கள். ஆட்டிறைச்சி, ஆறாயிரம் கிலோ, தரம்: முதல் தரம். கீழே ஸ்டோர்கீப்பர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"அளவுக்கு மட்டும் போடுறேன் சார். தரம்னு இருக்கறத அடிச்சிருங்க," என்றார் நாகையா.

டோரிஸ் அவரைத் தனியே அழைத்துப் போனாள். இந்த மாதிரி வேலைக்குத்தான் அவளை வைத்திருந்தார்கள். "அங்கிள், இது மூணு மாசக் கணக்குதான். ஃபைனல் இல்ல. டிசம்பர்ல நெசக் கணக்குப் போடுவாங்க, அப்ப எல்லாம் சரியாயிடும். நீங்க இன்னும் ரெண்டு வருசத்துல ரிட்டையர் ஆவப் போறீங்க. ஏன் அங்கிள் தேவையில்லாம?"

இதை நான் பூசி மெழுகப் போவதில்லை. நாகையா கையெழுத்துப் போட்டார். நாற்பத்தோராயிரம் வெள்ளியை நினைத்து, பயந்து போட்டார். கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்க் குளித்தார். இரண்டு தடவை சோப்புப் போட்டும் போகவில்லை.

அக்டோபர் முதல் தேதி, சொன்ன சொல் தவறாமல், கம்ப்ரசரைப் பழுதுபார்த்தார்கள். அறை மறுபடி உறைந்தது. கறியோடு சேர்ந்து நாற்றமும் கல்லாக உறைந்தது. ஆட்டுக்காலைத் தட்டினால் டங்கென்று சத்தம் வந்தது. "பாத்தீங்களா, எவ்ளோ ஃபிரெஷ்!" என்று கமலநாதன் போட்டோ எடுத்துப் போனார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு இருபது கிலோ மாதிரி அனுப்பினார்கள். கடைக்காரர் அதை உருகவைத்த ஒரு மணி நேரத்தில் தானே காடியில் ஏற்றிக்கொண்டு வந்து, கம்பெனி வாசலில் போட்டுவிட்டு, கம்பெனியின் பரம்பரையைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குள் அறிக்கை வெளியாகிவிட்டது. பன்னிரண்டாவது காலாண்டாகத் தொடர்ந்து லாபம், ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் வெள்ளி. கையிருப்புச் சரக்கில் ஆட்டிறைச்சியின் மதிப்பு ஒரு லட்சத்துத் தொண்ணூற்றிரண்டாயிரம். கறியைக் கழித்தால் லாபம் என்ன ஆகும் என்பதை மூன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். அதனால்தான் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை யாரும் நிர்வாகக் குழுவில் சேர்ப்பதில்லை. ஒன்பதாவது மாடியில் கேக் வெட்டினார்கள். வழக்கத்துக்கு மாறான நிகழ்வுகள் ஏதும் உண்டா என்ற குறிப்புக்கு எதிரே "இல்லை" என்று இருந்தது.

ஆனால் கறி இருந்தது. விற்றால் திரும்பி வருகிறது. எறிந்தால் நஷ்டம். டிசம்பரில் ஆடிட்டர் வந்து மோந்து பார்த்துவிட்டால் அதுவும் நஷ்டம். கமலநாதன் மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் டத்தோவின் அறையில் அவர் விளக்கியதைத் தேநீர் கொண்டுபோன பெண் கேட்டுவிட்டு வந்து எல்லாருக்கும் சொன்னாள்.

"டத்தோ, தீபாவளி அன்பளிப்பாக் குடுத்துருவோம். கேரி தீவு எஸ்டேட்டுல அறுநூறு குடும்பம், வீட்டுக்குப் பத்துக் கிலோ. முழு மதிப்புல குடுத்ததாக் கணக்கு. அது செலவுகூட இல்ல, நற்பெயர். நற்பெயர் ஒரு சொத்து டத்தோ. இருவது வருசத்துக்குப் பிரிச்சுப் பிரிச்சு எழுதிக்கலாம். விக்கிற சாமானத்தக் காசு குடுத்தவன் திருப்பிக் கொண்டாந்துருவான். சும்மா வாங்குனவன் திருப்பிக் கொண்டாற மாட்டான்."

டத்தோ கண்கலங்கிப்போனார். இந்த முறை உண்மையாகவே கலங்கினார். "நம்ம எஸ்டேட் ஜனங்களுக்கு நம்மளவிட்டா யாரு இருக்கா, கமலநாதன்?" என்றார்.

கம்பெனி தானே வளர்த்துக்கொண்ட நற்பெயரைச் சொத்தாகக் காட்ட முடியாது என்று சொல்லியிருக்கக்கூடியவள் அப்போது ரவாங்கில் டயர் கடைக்கு மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாளில் கேரி தீவிலிருந்து நாகையாவின் அக்காள் வள்ளியம்மா போன் செய்தார். எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் முப்பது வருடம் பழம் பொறுக்கிய கை. இப்போது மகன் வீட்டில் இருந்தார்.

"நாகையா! உங்க கம்பெனியில கறி குடுக்கறாங்களாமே? எனக்கும் டோக்கன் குடுத்துட்டாங்கடா. வீட்டுக்குப் பத்துக் கிலோவாம்! ஆட்டுக்கறி விக்கிற வெலைக்கு இந்த வருசம் கோழியே போதும்னு இருந்தோம். என் தம்பி வேல செய்யிற கம்பெனிதான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்."

நாகையா வாயைத் திறந்தார். கறி அழுகியது என்று சொல்ல வேண்டும். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். அதற்கும் பதில் சொல்ல வேண்டும். "சரிக்கா," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு டோரிஸ் முன்னால் போய் நின்றார். கம்பெனியில் நடக்கும் தவறுகளை ஊழியர்கள் அச்சமின்றித் தெரிவிக்கலாம் என்று லிஃப்டுக்குள் ஒரு போஸ்டர் ஒட்டியிருந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அதை நம்பித்தான் போனார்.

"இதான் அங்கிள் ஃபார்ம்," என்று டோரிஸ் எடுத்துக் கொடுத்தாள். "எழுதிக் குடுங்க. கமிட்டி மூணு மாசத்துக்கு ஒரு தடவ கூடும். அடுத்தது நவம்பர் இருவத்தாறு."

"தீபாவளி அக்டோபர் இருவதும்மா. அதுக்குள்ள தின்னுருவாங்களே."

"தின்னாங்கன்னா அது அறிக்கைத் தேதிக்கு அப்புறம் நடந்த சம்பவம். அதுக்கு வேற ஃபார்ம் அங்கிள்."

"புள்ளைங்க திங்கும்மா. வயித்துப்போக்கு வந்து செத்துகித்துப் போச்சின்னா?"

டோரிஸ் முகத்தில் ஒரு கணம் என்னவோ ஓடியது. அவளுக்கும் இரண்டு பிள்ளைகள். பிறகு குரலைத் தாழ்த்தி, "தரம் நல்லாருக்குன்னு நீங்கதானே அங்கிள் சைன் பண்ணியிருக்கீங்க. ஏதாச்சும் ஆனா மொதல்ல உங்களத்தான் கேப்பாங்க. பேசாம இருங்க," என்றாள். அது அக்கறையில் சொன்னதுதான். அந்த மாடியில் அக்கறை அப்படித்தான் இருந்தது.

சனிக்கிழமை, பதினெட்டாம் தேதி. காலை எட்டு மணிக்கு லோரியில் ஆறு டன் கறியும் ஏறியது. ஒவ்வொரு பொட்டலத்திலும் டத்தோ கைகூப்பிச் சிரிக்கும் ஸ்டிக்கர். கேரி தீவில் பந்தல், நாதஸ்வரம், டத்தோ எல்லாம் தயார். லோரி டிரைவர் வாலண்டைன் இருபது வருடமாக நாகையாவோடு வேலை செய்பவர். நாகையா தானும் முன்னால் ஏறி உட்கார்ந்தார்.

"நீங்களும் வர்றீங்களாண்ணே?"

"வரேன். வாலண்டைன், கேரி தீவு போவ வேணாம். ஜெராம் பக்கம் குப்பைமேட்டுக்கு விடு."

வாலண்டைன் இஞ்சினை அணைத்தார். "அண்ணே, வேல போயிரும் லா. அங்க பந்தலப் போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்காங்க."

"எனக்குத்தான் போவும். நான் மெரட்டுனேன்னு சொல்லிரு."

"நீங்க மெரட்டுனீங்கன்னு சொன்னா நம்பற மாதிரியாண்ணே இருக்கீங்க?" வாலண்டைன் சாவியை மறுபடி திருகி இஞ்சினைக் கிளப்பினார். "எம் பொண்டாட்டியோட சித்தி வீட்டுக்கும் டோக்கன் குடுத்திருக்காங்க. எப்படி வேணாம்னு சொல்றதுன்னு ரெண்டு நாளா யோசிக்கிறேன்." லோரி ஜெராம் பக்கம் திரும்பியது.

வெயிலில் கறி உருக ஆரம்பித்து, லோரியின் பின்னால் கருப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் வழியை மாற்றிக்கொண்டார்கள். குப்பைமேட்டில் எடை போட்டு, முந்நூறு வெள்ளி கட்டணம் கேட்டார்கள். நாகையா தன் காசைக் கொடுத்தார். ரசீதில் "அழுகிய இறைச்சி, ஆறு டன்" என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். அந்த மூன்று வாரத்தில் அந்தக் கறியைப் பற்றி எழுதப்பட்ட ஒரே உண்மை அதுதான். எழுதியவர் குப்பைமேட்டுக் குமாஸ்தா.

மத்தியானம் நாகையா ஒன்பதாவது மாடிக்குப் போய் ரசீதைக் கமலநாதன் மேசையில் வைத்தார். வேலை போகும், கத்துவார்கள், அடித்தாலும் அடிப்பார்கள் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு போயிருந்தார். கமலநாதன் ரசீதைப் படித்தார். கண்ணை மூடினார். திறந்தபோது அந்த முகத்தில் அப்படி ஒரு சாந்தம்.

"உக்காருங்க நாகையா. டீ சாப்புடுறீங்களா?"

இருபத்தேழு வருடத்தில் அந்த மாடியில் அவரை யாரும் டீ சாப்பிடச் சொன்னதில்லை.

"நீங்க என்ன செஞ்சிருக்கீங்கன்னு உங்களுக்கே தெரியல," என்றார் கமலநாதன். "மெஷின் பாக்காம விட்டுக் கறி கெட்டுப்போனா இன்சூரன்ஸ் தர மாட்டான். ஆனா நல்ல சரக்க வேலக்காரன் தூக்கிட்டுப் போயிட்டா முழுசாத் தருவான். நீங்க முதல் தரக் கறி ஆறாயிரம் கிலோவத் திருடியிருக்கீங்க நாகையா. எனக்கு இது தோணவே இல்ல பாருங்களேன்!"

"சார், அழுவின கறின்னு ரசீதே இருக்கு சார்!"

"ரசீது அக்டோபர் பதினெட்டு. அது நாலாவது காலாண்டு. சரக்குச் சான்றிதழ் செப்டம்பர் முப்பது, மூணாவது காலாண்டு. ஒரு காலாண்டுப் பேப்பர வெச்சு இன்னொரு காலாண்ட மாத்த முடியாதுங்க. அதுக்குத்தான் பாலிசின்னு ஒண்ணு வெச்சிருக்கோம்."

கம்பெனி போலீசில் புகார் கொடுத்தது. கிள்ளான் ஸ்டேஷனில் சார்ஜன் ஒருவர் லோரியின் பின்கதவைத் திறந்து பார்த்தார். அவருக்கும் சுற்றறிக்கை வந்திருக்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு பத்தடி பின்னால் பாய்ந்து, சிரித்து, இருமி, "பாலிக் லா அங்கிள், பாலிக்!" என்று நாகையாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கம்பெனிக்கு அதில் வருத்தமில்லை. அவர்களுக்கு வேண்டியது புகாரின் நம்பர் மட்டும்தான். இன்சூரன்ஸ் பாரத்தில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்றும் பாராமல் உள்விசாரணை இருபது நிமிடம் நடந்தது. கம்பெனிச் சொத்தை அனுமதியின்றி அப்புறப்படுத்திய குற்றத்துக்காக நாகையா வேலைநீக்கம் செய்யப்பட்டார். குற்றம் புரிந்து நீக்கப்பட்டவருக்கு ஓய்வுத்தொகை இல்லை. அவருக்கென்று ஒதுக்கி வைத்திருந்த நாற்பத்தோராயிரம் வெள்ளி அந்தக் காலாண்டின் லாபத்தில் போய்ச் சேர்ந்தது. கறிக்கு இன்சூரன்ஸ் பணமும் வந்தபோது, பதின்மூன்று காலாண்டில் இதுதான் மிகச் சிறந்தது என்று டத்தோ பேட்டி கொடுத்தார். ஒரு ஸ்டோர்கீப்பரின் வயிற்றில் அடித்ததை இத்தனை அழகாக எழுத முடியுமென்றால் கணக்கியலும் ஒரு கலைதான். காறித் துப்ப வேண்டிய கலை.

கேரி தீவில் அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வரை அறுநூறு குடும்பமும் பையோடு காத்திருந்தது. டத்தோ மைக்கைப் பிடித்து, "உங்க வீட்டுத் தீபாவளிய நம்ம ஆளு ஒருத்தனே திருடிட்டான்," என்று அறிவித்தார். ஆளுக்கு ஒரு பாக்கெட் முறுக்குக் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். கறி நல்ல கறிதான் என்பதற்கு ஆதாரமாக, சரக்குச் சான்றிதழைப் பெரிதாக்கிக் கோயில் மண்டபச் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

தீபாவளியன்று காலை பத்து மணிக்கு வள்ளியம்மா போன் செய்தார்.

"ஊரே உன்னத் திட்டுது. என்னால வெளிய தல காட்ட முடியல. எதிர்த்த வீட்டுப் புள்ள, பாட்டி ஒங்க தம்பி எங்க கறியத் தின்னுட்டாரான்னு கேக்குது."

"அக்கா, அது அழுவின கறிக்கா. ஐஸ்ல போட்டு மறைச்சிட்டாங்க. நீங்க யாரும் திங்கக் கூடாதுன்னுதான் கொண்டுபோயிக் கொட்டுனேன். வேலயும் போச்சு, ரிட்டையர் காசும் போச்சு."

வள்ளியம்மா இருந்த பக்கம் பட்டாசுச் சத்தம் கேட்டது.

"மண்டபத்துல ஒட்டுன பேப்பர்ல முதல் தரம்னு போட்டிருக்கு. கீழ இருக்கறது உன் கையெழுத்துத்தானே?"

"ஆமாக்கா."

"எப்ப போட்ட?"

"போன மாசம் முப்பதாந் தேதி."

"அப்பவே அழுவியிருந்துச்சா?"

"அப்பவே அழுவியிருந்துச்சுக்கா."

"சரி. நீ சொல்றத நம்பறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லு. டோக்கன் என் வீட்டுக்கு வந்துச்சு, அதனால கொண்டுபோயிக் கொட்டுன. வேற எங்கயோ, செமினிப் பக்கம் யாரோ ஒருத்தவங்களுக்குப் போயிருந்தா என்னடா செஞ்சிருப்ப?"

நாகையா போனைக் காதில் வைத்தபடி வாசலில் போய் நின்றார். பக்கத்து வீட்டில் கறி வேகும் வாசனை வந்தது, நல்ல கறி.

"லோரிய அனுப்பிட்டு வீட்டுக்கு வந்து குளிச்சிருப்பேன்கா," என்றார்.